நகரின் வடபால் நமது காடு

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் உலாக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

இம்மேடையில் இலக்கியம் வல்லார் இலக்கியம் பேசுவர். இசை வல்லார் பாடுவர். இம்முறை காட்டைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எங்களைப் பணித்தனர். அதைக் கேட்ட அன்பர் ஒருவர், “மாட்டுங்காவில் ஏது காடு? செம்பூரில் ஏது மான்?” என்று நகைத்தார். அவர் நகைத்ததில் தவறில்லை. மூன்று தலைமுறையாக இந்நகரில் வாழும் குடும்பத்தினர் பலரும் அவ்வாறே எண்ணிக்கொண்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நாங்களும் அந்த எண்ணத்தினரே.

நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அலாஸ்காவின் கரடியையும் பனிமானையும் கண்டு வியக்கின்றனர். அமெரிக்க நாட்டின் வடகோடியிலுள்ள அந்த அலாஸ்காவில் பாதிக்கு மேற்பட்ட நிலம் அந்நாட்டு நடுவண் அரசின் பொது நிலமாகும். தனியொருவருக்கு உரியதன்று, ஆதலால் அனைவர்க்கும் உரியது. தோளில் மூட்டையைச் சுமந்துகொண்டு, ஊரும் கடையும் இல்லாத அவ்வெளிகளில் நாட்கணக்காக நடந்து, ஒரு விலங்கைத் தொலைவில் நின்று கண்டுவிட்டுத் திரும்புவதை அங்குள்ளோர் பெரும் பேறாகக் கருதுகின்றனர். அதே நாட்டில் 1872ஆம் ஆண்டிலேயே எல்லோஸ்டோன் என்னும் நிலப்பகுதியை மக்களின் மகிழ்வுக்கென்று சட்டம் இயற்றி ஒதுக்கிவைத்தனர்.

அத்தகைய பொது நிலம் நம் நகருக்கும் வடக்கே உண்டு. போரிவலியிலிருந்து தாணே வரை பரந்து கிடக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 104 சதுரக் கிலோமீட்டர். கோடிக்கணக்கான மக்கள் வாழும் மாநகரின் எல்லைக்குள் சிறுத்தை உலாவும் காடு இருப்பது உலகில் அரிய காட்சி. தாராவி அன்பர்கள் மாகிம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போரிவலியில் இறங்கலாம். திருநெல்வேலிக்குச் செல்ல இரண்டு மாதங்களுக்கு முன்பே பயணச்சீட்டுக்கு அலையும் நாம், இந்த முக்கால் மணிப் பயணத்தை ஏன் மேற்கொள்வதில்லை?

இக்கேள்விக்கு விடை எங்களுக்கு நூல்களிலிருந்து கிடைக்கவில்லை. நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரிடமிருந்து கிடைத்தது. தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர் அவர். ஒருநாள் சயானிலிருந்து பாந்த்ரா செல்லும் இணைப்புச் சாலையில், தாராவி பஸ் நிலையத்திற்கு எதிரேயுள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவின் வாயிலில் அவரைச் சந்தித்தோம். “வாருங்கள் ஐயா, உள்ளே போவோம்” என்றோம். அவர் தம் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, “நம்மை விடுவார்களா?” என்று கேட்டார்.

அன்பர்களே! அப்பெரியவரின் வீட்டிலிருந்து அவ்வாயிலுக்குப் பத்து நிமிட நடைதான். பூங்கா திறக்கப்பட்டதோ 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள். இத்தனை ஆண்டுகளாக அவர் அதன் மதிலை ஒட்டியே நடந்து சென்றிருக்கிறார். அவரை எவரும் தடுத்ததில்லை. வாருங்கள் என்று அழைத்தவரும் இல்லை. எங்கள் குழு தோன்றியது அன்றுதான் என்று சொல்ல வேண்டும்.

உள்ளே சென்றதும் அவர் சொன்ன செய்தி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. “இது குப்பைமேடு. இந்தப் பக்கம் வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம்” என்றார். உண்மைதான். மாநகரின் குப்பையைப் பல்லாண்டுகள் கொட்டிவந்த இடம் அது. 1977இல் கொட்டுவது நின்றது. பறவையியல் அறிஞர் சலீம் அலி அவர்கள் 1983இல் அங்கு முதல் மரக்கன்றை நட்டார். அந்த 37 ஏக்கர் நிலத்தில் இன்று ஆயிரக்கணக்கான மரங்கள் உயர்ந்து நிற்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட வகைப் பறவைகளை அங்குக் கண்டு குறித்திருக்கின்றனர். நாங்கள் சென்ற அன்று செம்போத்து ஒன்று புதரிலிருந்து எழுந்து பறந்தது. பெரியவர் உடனே, “எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் கத்துமே, அதேதான்” என்றார். தாராவியில் வாழ்ந்த இத்தனை ஆண்டுகளில் அக்குரலை அவர் கேட்டதில்லையாம்.

பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்ட அந்நிலத்தைத் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் சேர்த்துவிடுவரோ என்ற அச்சம் எழுந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. சேர்க்கப்பட மாட்டாது என்று 2023இல் திட்டத்தார் நீதிமன்றத்தில் கூறினர். நல்லது. ஆனால் அவ்வழக்கு நடந்த காலத்தில் அதைப் பற்றி நம் தெருக்களில் எத்தனை பேர் பேசினோம்? வீடு கிடைக்குமா, எத்தனை சதுர அடி கிடைக்கும் என்று பேசினோம். அதுவும் வேண்டிய பேச்சுத்தான். கூரையில்லாதவன் குயிலைக் கேட்டு என்ன செய்வான் என்று கேட்பீர்கள். ஆயினும், ஒரே அறைக்குள் ஆறு பேர் வாழும் குடும்பத்தாருக்கே வெளியில் ஒரு மரநிழல் பிறரைக் காட்டிலும் மிகுதியாக வேண்டியிருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

அப்பூங்காவை ஒட்டி ஓடுகிறது மித்தி ஆறு. அதை ஆறு என்று சொன்னால் நம் பிள்ளைகள் சிரிக்கின்றனர்; சாக்கடை என்றே அறிந்திருக்கின்றனர். அது பிறக்குமிடம் எதுவென்று அறிவீர்களா? நாம் கூறிய அந்த வடபுலக் காட்டின் குன்றுகளில் பெய்யும் மழை விகார் ஏரியில் சேர்கிறது. விகார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழியும் நீரே மித்தியாகி, குர்லாவைக் கடந்து, தாராவியின் ஓரமாக வந்து மாகிம் கழிமுகத்தில் கலக்கிறது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று குர்லாவிலும் சயானிலும் தாராவியிலும் கழுத்தளவு நீரில் நின்றவர்கள் இவ்வவையிலேயே இருக்கின்றீர்கள். அத்தகைய மழையை எந்தக் காடும் முற்றாகத் தாங்கிவிடாது. ஆயினும், மேட்டில் மரமும் புல்லும் நின்றால் நீர் மெல்ல இறங்கும். கரையில் அலையாத்திச் சதுப்பு இருந்தால் வந்த நீருக்கு ஒதுங்க இடம் உண்டு. இரண்டையும் குறுக்கிவிட்டு ஆற்றைக் குறைகூறுவதில் பயனில்லை. ஆகவே போரிவலிக் காடு எங்கோ இருக்கும் காடு என்று தாராவிவாசி ஒருவர் எண்ணுவாராயின், தம் வீட்டு வாசலுக்கு வரும் நீர் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை அவர் அறியவில்லை என்றே சொல்வோம்.

இனிக் காட்டுக்குள் செல்வோம். இக்காட்டுக்குப் பழம்பெயர் கிருஷ்ணகிரி உபவனம். நம் தமிழ்நாட்டுக் கிருஷ்ணகிரியோடு இதற்கு உறவொன்றுமில்லை. கரிய குன்று என்பதே பொருள். அப்பெயரே மருவிக் கான்ஹேரி ஆயிற்று. கான்ஹேரியில் நூற்றுக்கு மேற்பட்ட குடைவரைகள் உள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டளவில் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பௌத்தத் துறவியர் அங்கு வாழ்ந்தனர். குடைவரைச் சிற்பங்களைப் பற்றி இங்குப் பலர் பேசியிருக்கின்றனர். எங்கள் கண்ணைக் கவர்ந்தவை அங்குள்ள நீர்த்தொட்டிகள். ஒவ்வொரு குடைவரையின் பக்கத்திலும் பாறையைக் குடைந்து தொட்டி அமைத்து, குன்றின் மேல் விழும் மழைநீர் சிறு கால்வாய்கள் வழியாக அதில் சேருமாறு செய்திருக்கின்றனர். மழைக்காலத்தில் அவை இன்றும் நிரம்புகின்றன. குழாயடியில் குடம் வைத்து வரிசையில் நின்று பழகிய நம் தாய்மார்கள், சிலைகளை விட்டுவிட்டு அத்தொட்டிகளின் அருகிலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டனர். பம்பாய் நகருக்கென 1856இல் தொடங்கி 1860இல் முடித்த விகார் ஏரியும் பின்னர் அமைந்த துளசி ஏரியும் இக்காட்டின் மடியில்தான் உள்ளன. நகர் குடிக்கும் நீரில் ஒரு சிறு பங்கு இன்றும் அங்கிருந்து வருகிறது.

மழை முடிந்த பருவத்தில் குன்றின் சரிவுகளில் கார்வி என்னும் செடியைக் காணலாம். ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அது பெருந்திரளாகப் பூக்கும். 2016இல் ஊதாப் போர்வை போர்த்தியது போலப் பூத்தது. நீலகிரியிலும் மூணாற்றிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பூத்து, கடைசியாக 2018இல் மலர்ந்த நம் குறிஞ்சிக்கு இது உடன்பிறப்பு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. குறிஞ்சித்திணை படித்த நாம், அதன் தங்கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பெயர் தெரியாமல் இருந்திருக்கிறோம்!

எங்கள் முதல் உலாவைப் பற்றிச் சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது, எனினும் சொல்லிவிடுகிறோம். நாற்பது பேருக்கு மேல் திரண்டு சென்றோம். புளியோதரையும் தயிர்ச்சோறும் மூட்டை மூட்டையாக எடுத்துச் சென்றோம். இளைஞர் ஒருவர் ஒலிபெருக்கிப் பெட்டியைக் கொண்டுவந்து திரைப்பாடல்களை முழங்கவிட்டார். பெண்கள் அந்தாக்ஷரி தொடங்கினர். மணி பன்னிரண்டாகியும் ஒரு பறவையும் கண்ணில் படவில்லை. பட்டது குரங்குக் கூட்டம் மட்டுமே. அது வந்து புளியோதரைப் பொட்டலங்களைக் கவர்ந்து சென்றது. சிறுவர்கள் மீதியையும் எறிந்து அவற்றைக் களிப்பூட்டினர். நாங்கள் எழுந்தபோது அவ்விடம் நம் தெருமுனைக் குப்பைத்தொட்டி போலக் காட்சியளித்தது. அவ்வழியே வந்த காவலர் ஒருவர் கடிந்துகொள்ளவில்லை. “இங்கே குடியிருப்பவர்கள் பகலில் உறங்குவார்கள், அண்ணா” என்று மராத்தியில் கூறிவிட்டுச் சென்றார். அன்று மாலை ரயிலில் எவரும் பாடவில்லை.

அடுத்த முறை பன்னிருவர் மட்டுமே சென்றோம். வாயில் திறக்கும் வேளைக்கே சென்று நின்றோம். விடியற்காலையில் எழுவது நம்மவர்க்கு வருத்தமன்று. மூன்று மணிக்கே எழுந்து இட்டலி அவித்து, தூக்குகளில் நிரப்பிக்கொண்டு நகரெங்கும் செல்லும் தாராவிக் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! மங்கிய நிற ஆடை, ஒரு குப்பி நீர், இரண்டு பைனாகுலர், வேறொன்றும் இல்லை. அப்பகுதி வார்லி பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் வழிகாட்டினார். நூறடி நடப்பதும் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பதுமாக அவர் எங்களை அழைத்துச் சென்றார். நின்ற அந்த ஐந்து நிமிடங்களில்தான் எல்லாம் வந்தன. துடுப்புவால் கரிச்சான் வாலின் நுனியில் இரண்டு கரிய இறகுகளை ஆட்டிக்கொண்டு போயிற்று. மாம்பழச்சிட்டின் குரலை எங்கள் அம்மையார் ஒருவர் அடையாளம் கண்டார். ஓடைக்கரையில் ஐந்து புள்ளிமான்கள் தலைதூக்கி எங்களைப் பார்த்தன, நாங்களும் பார்த்தோம். அவ்வளவுதான். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றாள்.

சற்றுத் தொலைவில் ஈர மண்ணில் பதிந்திருந்த காலடியைத் தாராவிச் சிறுவன் ஒருவன்தான் முதலில் கண்டான். “நாய்” என்றோம் நாங்கள். வழிகாட்டி குனிந்து பார்த்து, நகம் எங்கே என்று கேட்டார். நாயின் சுவட்டில் நகக்குறி முன்னே பதியும். பூனை இனம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் குறி பதியாது, சுவடும் வட்டமாக இருக்கும். அது சிறுத்தையின் காலடி. அச்சிறுவன் தன் உள்ளங்கையை அதன் மேல் படாமல் வைத்து அளந்து பார்த்தான். அங்கு ஒரு மரத்தடியில் செந்தூரம் பூசிய கல் இருந்தது. வாகோபா என்று வழிகாட்டி வணங்கினார். வேங்கையும் சிறுத்தையும் தெய்வமான வடிவம் அது. எங்களில் ஒருவர், “நம் சாஸ்தாவைப் போல” என்றார். அவருக்கு அது விளங்கியது, நமக்கும் விளங்கியது.

சிறுத்தை என்றவுடன் தாய்மார்கள் முகம் மாறுவதைக் காண்கிறோம். அச்சம் அடிப்படையற்றதன்று. 2002 முதல் 2004 வரையான ஆண்டுகளில் இக்காட்டைச் சுற்றிலும் சிறுத்தை தாக்கி உயிரிழந்தோர் பலர். ஆனால் அதன் பின்னணியை அறிய வேண்டும். வேறிடங்களில் பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து புதுக்காட்டில் விடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. புனே மாவட்டத்து ஜுன்னர்ப் பகுதியில் ஆராய்ந்த வித்யா ஆத்ரேயா அவர்கள், அவ்வாறு இடம் பெயர்த்து விடுவதே மோதலை மிகுவிக்கிறது என்று எடுத்துக்காட்டினார். பழகிய நிலத்தை இழந்த விலங்கு நிலைதடுமாறுகிறது. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டுமோ? பின்னர் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. 2011 முதல் வனத்துறையும் ஆய்வாளரும் பொதுமக்களும் கூடி அறிவூட்டும் பணியைத் தொடங்கினர். தாக்குதலும் வெகுவாகக் குறைந்தது. தானியங்கிப் படக்கருவிகளைக் கொண்டு 2015இல் எடுத்த கணக்கில் 35 சிறுத்தைகள் காணப்பெற்றன. அவை காட்டோரம் வருவது பெரும்பாலும் நாய்களைத் தேடி. நாய்கள் வருவது குப்பையைத் தேடி. குப்பை வருவதோ நம் கையிலிருந்து! காட்டோரம் வாழ்வோர் குப்பையை அகற்றி, இருட்டிய பின் பிள்ளைகளைத் தனியே வெளியே விடாதிருந்தால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

செம்பூர் அன்பர்கள் தங்கள் பக்கத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லையே என்று குறைப்பட வேண்டாம். மாகுலின் எண்ணெய் ஆலைகளுக்கு அப்பால், சிவ்ரியிலிருந்து வடக்கே தாணே வரை நீளும் கழிமுகச் சேற்றில், 1990களின் நடுப்பகுதியிலிருந்து பூநாரைகள் பெருந்திரளாக வரத் தொடங்கின. கார்த்திகை வாக்கில் வந்து வைகாசி வாக்கில் செல்லும். பெரும்பாலானவை சிறு பூநாரை. கவிழ்த்துப் பிடித்த அலகினால் சேற்று நீரை வடிகட்டி நுண்பாசியைத் தின்னும். அப்பாசியின் நிறமே இறகில் ஏறிச் செந்நிறமாகிறது. நகரின் கழிவு நீர் கலந்தே அப்பாசி செழிக்கிறதென்று ஆய்வாளர் கூறுவர். எங்கள் கழிவை உண்டு நீ இத்தனை அழகாயிருக்கிறாயே என்று அப்பறவையைக் கேட்கத் தோன்றுகிறது. ஆலைகளின் நச்சும் அளவுமீறிக் கலந்தால் கதை வேறாகிவிடும். தாணேக் கழிமுகத்தின் ஒரு பகுதியை 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தனர். 2022இல் அது ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலிலும் இடம் பெற்றது. ஆயினும் 2024 மே 20ஆம் நாள் இரவு காட்கோபர் வான்வெளியில் விமானம் ஒன்று மோதி 39 பூநாரைகள் மாண்டு தெருக்களில் விழுந்தன. மறுநாட் காலை அவற்றைக் கண்டவர்களுள் நம் உறுப்பினர் சிலரும் உண்டு. அவ்வளவு அருகில் பூநாரையை அவர்கள் கண்டது அதுவே முதல் முறை.

நாரையைத் தன் மனைவியிடம் தூது விட்ட சத்திமுற்றப் புலவரை அறிவோம். அது செங்கால் நாரை, இது பூநாரை, பறவை வேறு. ஆனால் பிழைப்புக்காக வீட்டைப் பிரிந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, வானில் போகும் பறவையை அண்ணாந்து பார்த்தவனின் நிலை நம் தந்தையர் அறிந்த நிலைதான்.

பறவையைப் பேணுவது நம்மவர்க்குப் புதிதுமன்று. செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கலில், ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடலாகாது என்று 1798இலேயே ஊரார் அன்றைய கலெக்டரிடம் கௌல் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவ்வுழவர் நன்கறிந்திருந்தனர். நூலறிவு அதன் பின்னரே வந்தது. 1883இல் எண்மர் கூடி இந்நகரில் நிறுவிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு, தான் சுட்ட சிட்டுக்குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு, அதன் பெயரறிய ஏறிச்சென்ற பள்ளிச் சிறுவன்தான் பிற்காலத்துச் சலீம் அலி. தமிழகத்தில் மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் அவர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பறவை விலங்குகளைப் பற்றி எழுதி 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் கட்டுரைகள் நம் சங்க நூலகத்தில் இல்லை. வாங்க வேண்டுமென்று இவ்விடத்தில் விண்ணப்பித்துக்கொள்கிறோம்.

ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு, அன்றும் அடுப்படி ஓய்வதில்லை என்று பெண்கள் கூறுவதை அறிவோம். ஆகவே அடுத்த உலாவில் உணவுப் பொறுப்பை ஆண்கள் ஏற்கின்றனர். இட்டலியும் மிளகாய்ப் பொடியும் மட்டுமே, இலையில். பாட்டுப் பெட்டிக்கு இடமில்லை. பிள்ளைகளுக்கு மூன்று பைனாகுலர்கள் சங்கத்தின் செலவில் வாங்கியுள்ளோம். முறைவைத்துப் பார்க்க வேண்டும்.

வரும் தை மாதத்து இரண்டாம் ஞாயிறு, ஐரோலியில் வனத்துறையின் கடல்வாழ் உயிரின மையத்திலிருந்து படகேறிப் பூநாரை காணச் செல்கிறோம். கடலின் ஏற்றம் பார்த்தே படகு புறப்படும், நமக்காகக் காத்திராது. ஆதலால் காலை ஐந்தே முக்காலுக்குச் சயான் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்குமிடத்தருகே கூடுவோம். தாணேயில் இறங்கி வண்டி மாற வேண்டும். முப்பது பேருக்கு இடம் கேட்டிருக்கிறோம். பத்தொன்பது பெயர்கள் வந்துவிட்டன. முதல் பெயர் அந்தத் தோல் கிடங்குப் பெரியவருடையது. இரண்டாவது அவர் பேரனுடையது. எஞ்சிய பதினொரு இடங்களுக்கு இக்கூட்டம் முடிந்ததும் வாயிலருகே பெயர் கொடுக்கலாம்.